முத்திரைத்தாளில் முடிவதில்லை திருமணம்

மஞ்சள் பையிலிருந்து அந்தப் பெண் எடுத்து நீட்டியது நான்காக மடித்த ஒரு 20 ரூபாய் பத்திரம். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. ‘இன்று முதல் நாங்கள் இருவரும் எந்தவிதச் சம்பந்தமும் பாத்தியமும் இல்லாமல் மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம். எதிர்காலத்தில் ஜீவனாம்சமோ வேறு எந்த உரிமையோ கோரமாட்டேன்’ என்று டைப் அடித்திருந்தது. கீழே இருவர் கையெழுத்தும், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சாட்சிக் கையெழுத்தும், ஓரத்தில் நோட்டரியின் வட்ட முத்திரையும்.

“மூணு வருசத்துக்கு முன்னாடியே ஊர்ல அத்து விட்டுட்டாங்க மேடம். இப்ப மறுகல்யாணம் பேசியிருக்கு. பதிவாபீசுல இது செல்லாதுங்கிறாங்க” என்றார்.

அந்த அலுவலர் சொன்னது சரிதான். அந்தத் தாளின்படி பார்த்தால் இவர் தனி ஆள். சட்டத்தின்படி பார்த்தால் இன்னும் அந்த மனிதரின் மனைவி. அவரோ அதற்குள் வேறு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளைக்கும் தகப்பனாகிவிட்டார்.

குடும்ப நல வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு தாளைப் பற்றிச் சொல்வார்கள். தென் மாவட்டங்களில் ‘அத்து விடுறது’, வேறு சில இடங்களில் ‘தீர்த்து விடுறது’, ‘ரத்து எழுதி வாங்குறது’. பெயர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். இந்த வழக்கம் ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை. தமிழகத்தின் பல சாதிகளில் பஞ்சாயத்து கூடித் திருமணத்தை முறிப்பதும், அந்தப் பெண் மறுதாலி கட்டிக்கொள்வதும் காலங்காலமாக இருந்தது. சாஸ்திரம் பேசியவர்கள்தான் இந்துத் திருமணத்தைப் பிரிக்க முடியாத பந்தம் என்றார்கள். சட்டமும் நெடுங்காலம் அவர்கள் பக்கமே நின்றது. 1949-இல்தான் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு மணமுறிவையும் அனுமதித்துத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பம்பாய் மாகாணம் 1947-இலேயே மணமுறிவை அனுமதித்திருந்தது. நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது.

அந்தச் சட்டம் பழைய வழக்கத்தை முழுக்கத் துடைத்துவிடவில்லை. வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவைப் பிரிவு 29 இன்றும் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தன் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல், எல்லோரும் ஏற்கும்படி இருந்துவருகிறது என்பதை அதைச் சொல்பவர்தான் நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அது எளிதல்ல. நிரூபிக்கப்படாத வழக்கத்தின் பெயரால் எழுதிய பத்திரம் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் வெறும் தாள்தான். நோட்டரியின் முத்திரை, இன்னார் என் முன் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் சான்று. திருமணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மகளிர் காவல் நிலையத்துக்கும் கிடையாது, ஜமாத்துக்கும் கிடையாது, வக்கீலுக்கும் கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கையும் உண்டு. ‘கோவில்ல வச்சுத் தாலி கட்டினதுதானே, பதிவு பண்ணலையே, ரத்து எதுக்கு?’ என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் முறைப்படி நடந்த திருமணம் இல்லாமல் போய்விடாது. சுயமரியாதைத் திருமணமும் அப்படியே. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த பிரிவு 7-அ, புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ நடந்த திருமணங்களை, அதற்கு முன்பு நடந்தவை உட்பட, செல்லத்தக்கதாக்கியது. செல்லுபடியாகும் திருமணம் எதுவானாலும் அதிலிருந்து வெளியே வர முறையான வழியில்தான் வர வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். ‘டைவர்ஸ் கேஸ்’ என்று ஒரே மூட்டையாகப் பேசுகிறோமே, அந்த மூட்டைக்குள் குறைந்தது ஐந்து தனித்தனி விவகாரங்கள் இருக்கின்றன. திருமண பந்தம் முடிகிறதா என்பது ஒன்று. மாதச் செலவுக்குப் பணம் இன்னொன்று. குழந்தை யாரிடம் வளரும் என்பது மற்றொன்று. இருக்க வீடும் அடி உதையிலிருந்து பாதுகாப்பும் வேறு. போட்டு வந்த நகையும் கொண்டு வந்த பொருளும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி மனு, பல நேரம் தனி நீதிமன்றம். ஒன்றைக் கேட்பதற்காக இன்னொன்றைத் தொட வேண்டியதில்லை. விவாகரத்தே வேண்டாம் என்கிற பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்து முடிந்துபோன பெண்ணும் கேட்கலாம். மூட்டையைப் பிரிக்காமல் ‘எப்படியாவது விட்டால் போதும்’ என்று கையெழுத்துப் போடும்போதுதான் நகையும் போகிறது, பிள்ளையின் படிப்புச் செலவும் போகிறது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் இது நேர்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முதலில் பந்தம் முடியும் விதம். இந்து, பௌத்த, சமண, சீக்கியத் தம்பதியருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த மதத்தாரும், குறிப்பாக வெவ்வேறு மதத்தார், பதிவுத் திருமணமாகச் செய்துகொண்டால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். அதில் 2001 வரை கணவன், மனைவி தகாத உறவு வைத்திருந்தாள் என்று மட்டும் காட்டினால் போதும். மனைவியோ தகாத உறவோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்கள் அந்த ஓரவஞ்சனையிலேயே தேய்ந்துபோனார்கள். 2001-இல் வந்த திருத்தம்தான் அதைச் சரிசெய்தது.

இஸ்லாமியரிடையே ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெண் கேட்கும் குலா, இருவரும் ஒத்துப் பிரியும் முபாரத் ஆகியவை இன்றும் உண்டு. 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவன் நான்கு ஆண்டு காணாமல் போனது, இரண்டு ஆண்டு பராமரிக்காதது போன்ற காரணங்களுக்காக மனைவி நீதிமன்றம் போகலாம். ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. 20 ரூபாய் பத்திரத்தின் கதைதான் அங்கேயும்.

இந்துத் திருமணச் சட்டத்தில் பிரிவு 13 காரணங்களை வரிசைப்படுத்துகிறது. தகாத உறவு, கொடுமை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கைவிட்டிருப்பது, மதம் மாறுவது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்குத் தீராத மனநோய், தொற்றக்கூடிய பால்வினை நோய், துறவறம், ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதது. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது. குணப்படுத்தக்கூடிய நோய்க்காக ஒருவரைத் தள்ளிவைப்பதற்குச் சட்டம் துணைபோகக் கூடாது என்று 2019-இல் நீக்கினார்கள். தகாத உறவு 2018-க்குப் பிறகு கிரிமினல் குற்றமில்லை. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். திருமணமாகி ஓராண்டு ஆகாமல், மிகக் கடுமையான சூழ்நிலை தவிர, விவாகரத்து மனுவே போட முடியாது.

மனைவிக்கு மட்டுமே உரிய காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்று அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. ஜீவனாம்ச உத்தரவு வாங்கிய பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி மனைவி விவாகரத்துக் கேட்கலாம். அடித்தான், திட்டினான் என்று சாட்சி தேட வேண்டிய அவசியமே இல்லை.

நடைமுறையில் எதிர்ப்போடு நடக்கும் வழக்குகளில் அதிகம் எழுதப்படும் சொல் கொடுமை. அது என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டதாகத்தான் நான் நினைக்கிறேன். ஒரு வீட்டில் சாதாரணமாகப் போகும் சொல் இன்னொரு வீட்டில் உயிரை அறுக்கும். உடம்பில் காயம் இருக்க வேண்டியதில்லை, மனத்தைத் தொடர்ந்து நோகடிப்பதும் கொடுமையே. கொலை வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இரு தரப்பையும் எடைபோட்டு, நடந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தால் போதும் என்று 1975-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு எழுதும்போது ஆண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபத்தில் மனைவியின் நடத்தையைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதித் தள்ளினால் அந்த எழுத்தே கொடுமையாகக் கருதப்பட்டு, தீர்ப்பு மனைவி பக்கம் போகலாம். 2003-இல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. வாட்ஸ்அப் உரையாடல்களும் ஒலிப்பதிவுகளும் இப்போது சாதாரணமாக நீதிமன்றத்துக்கு வருகின்றன. கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்ததையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

‘இனிமேல் ஒட்டவே ஒட்டாது’ என்பது மட்டும் இந்தச் சட்டத்தில் இன்னும் காரணமாகச் சேரவில்லை. பத்து வருடம் தனித்தனியே வாழ்ந்தாலும், ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மற்றவர் பிரிவு 13-க்குள் ஏதாவது ஒன்றை நிரூபித்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியலமைப்பின் 142-ஆம் கூறின் கீழ், மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தைக் கலைக்கலாம் என்று 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

அதனால்தான் ‘மியூச்சுவல்’, அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்து, இவ்வளவு செல்வாக்குப் பெற்றிருக்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 13-பி இது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாவிட்டாலும் அது பிரிவுதான். இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி நீதிபதி முன் நின்று, மனம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தேவையைப் பொறுத்துத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் பேசிப் பார்த்து முடியாமல், பணம், பிள்ளை எல்லாம் பேசி முடித்திருந்தால் இந்தச் சலுகை கிடைக்கும். தீர்ப்பு வரும்வரை எவரும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பணத்தை முதலிலேயே முழுக்கக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைபவர்கள் உண்டு. இரண்டாம் முறை நீதிமன்றம் வரும் நாளன்று டிமாண்ட் டிராப்ட் கைமாறும்படி எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மனுவோடு வைக்கும் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லி நான் கெஞ்சுவேன். ‘மனைவி தனக்கும் குழந்தைக்கும் இனி எதுவும் கோரமாட்டார்’ என்ற வாக்கியம் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். தனக்கு வேண்டாம் என்று ஒருத்தி சொல்லலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. அதைக் குழந்தை பிறகு கேட்டால் நீதிமன்றம் கேட்கும். ஆனால் பிறகு கேட்பது என்றால் இன்னொரு வழக்கு, இன்னும் சில வருடங்கள்.

எங்கே மனு போடுவது? திருமணம் நடந்த ஊர், எதிர்த் தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எங்கும் போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனுதாரர் மனைவியாக இருந்தால் அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே. இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமண அசல் மனு) என்ற எண்ணோடு மனு ஏறும். முதல் வேலை சமரசம் பேசுவது. கவுன்சலர் முன் இருவரையும் உட்கார வைப்பார்கள். இதைச் சடங்காக நினைத்துத் தட்டிக் கழிப்பவர்கள் அதிகம். சேர்ந்து வாழாவிட்டாலும், எந்தெந்த விஷயத்தில் சண்டையில்லை என்பதாவது அங்கே தெளிவாகும் என்பதால் நான் அதை மதிக்கிறேன். அதன் பிறகு எதிருரை, சாட்சியம், குறுக்கு விசாரணை, வாய்தாவுக்கு மேல் வாய்தா. தரப்பினர் கேட்டால் கதவைச் சாத்தித் தனியறையில் விசாரிக்க வேண்டும். ஊரே கேட்க நின்று பேச வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சம்மன் வந்தால் வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். நிற்காது. சம்மனை மறுத்ததாகவோ பத்திரிகை விளம்பரம் மூலம் சேர்த்ததாகவோ பதிவாகி, ‘எக்ஸ்பார்ட்டி’யாக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். தன் திருமணம் முடிந்துவிட்டது என்பதே தெரியாமல் மாமியார் வீட்டுக்குச் சீர் வரிசை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரலாம், ஆனால் பொதுவாக 30 நாளுக்குள். சம்மன் முறைப்படி சேராதபோது, தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

பணத்துக்கு வருவோம். ஜீவனாம்சத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற பிரிவு 125, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 ஆகியிருக்கிறது. ‘எம்.சி.’ (மெயின்டனன்ஸ் கேஸ்) என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்வது இதைத்தான். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத மனைவி, மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண், குழந்தைகள், வயதான பெற்றோர் எல்லோரும் இதில் கேட்கலாம். மதம் தடையில்லை. 1985-இல் ஷா பானு வழக்கில் தொடங்கிய அந்த வாதத்துக்கு, இஸ்லாமியப் பெண்ணும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடை சொன்னது. 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கவே முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது. இப்போது இல்லை. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதற்குள்ளேயே இந்துத் திருமணச் சட்டத்தின் பிரிவு 24-இன் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வருமானமில்லாத கணவனும் இதில் கேட்கலாம். முடிவில் நிரந்தர ஜீவனாம்சத்துக்குப் பிரிவு 25.

எவ்வளவு கிடைக்கும்? ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. ஒரு வழக்கில் அது நியாயமான அளவு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதுண்டு. எழுதப்பட்ட விதி எதுவும் அப்படி இல்லை. கணவரின் உண்மையான வருமானம், அவர் பார்க்க வேண்டிய மற்றவர்கள், மனைவியின் வருமானம், திருமண வீட்டில் வாழ்ந்த தரம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் தொகை. பட்டப் படிப்பு படித்திருக்கிறாள் என்பதற்காக மட்டும் இல்லையென்று சொல்ல முடியாது. வருமானத்தை மறைப்பதுதான் பழைய நோய். மாதம் இவ்வளவு டீசல் போட்டுக் கார் ஓட்டுகிறவர் நீதிமன்றத்தில் தினக்கூலி ஆகிவிடுவார். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். பல சட்டங்களில் கேட்டாலும் ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் கழித்துப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வண்டியின் ஆர்.சி., வீட்டு வாடகை ரசீது என்று கையில் கிடைப்பதையெல்லாம் நகல் எடுத்து வைப்பது, கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை.

உத்தரவு வாங்கியும் பணம் வரவில்லை என்றால்? நிலுவைக்கு மனு போட்டு, வாரண்ட் பிறப்பித்து, ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்ததால் கடன் கழியாது. ஆனால் நிலுவை சேர்ந்த ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும். ‘எப்படியும் தருவான்’ என்று பொறுத்திருந்து இந்த வழியை இழப்பவர்கள் ஏராளம்.

வீடும் பாதுகாப்பும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கையில். ‘டி.வி. கேஸ்’ (டொமஸ்டிக் வயலன்ஸ், குடும்ப வன்முறை வழக்கு) என்றால் கணவனை ஜெயிலில் போடுவது என்று பயப்படுகிறார்கள். அடிப்படையில் அது பாதுகாப்பு கேட்கும் வழக்கு. அடிக்காதே, நெருங்காதே என்ற உத்தரவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை, பணம், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் நீதித்துறை நடுவரிடமே கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் தண்டனை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அது குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் மருமகள் இருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகப் போய்ச் சொல்லலாம், வக்கீல் வேண்டியதில்லை. வரதட்சணைக் கொடுமைக்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85, முற்றிலும் வேறு. அது தண்டனைக்கான வழக்கு. பேரம் பேசும் ஆயுதமாக அதை எடுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தால் தயங்காமல் எடுங்கள்.

நகை. திருமணத்தின்போதும் முன்னும் பின்னும் பெண்ணுக்கு அவள் வீட்டாரும் மற்றவர்களும் கொடுத்தது சீதனம். அது முழுக்க அவளுடையது, கணவன் வீட்டார் வெறும் பொறுப்பாளர்கள் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி. நிரூபிப்பதில்தான் சிக்கல். ஒரு வழக்கில் அந்தப் பெண்ணின் அம்மா கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து, ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, “இது அவுங்க அப்பத்தா போட்ட ஆரம், ஆறு சவரன். இது நான் சீட்டுப் போட்டு எடுத்த கல்லு நெக்லசு” என்று சொல்லிக்கொண்டே போனார். நகைக்கடை ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அந்த டப்பாதான் அந்த வழக்கைத் தாங்கியது.

கணவர் சம்பாதித்த சொத்தில் பாதி தானாக வரும் என்ற எண்ணம் தவறு. நம் சட்டத்தில் அப்படி இல்லை. ஆனாலும் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் உழைத்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அது விவாகரத்து வழக்கு இல்லை. என்றாலும் சமையலறையிலும் பிள்ளை வளர்ப்பிலும் போன வருடங்களுக்கு விலை உண்டு என்று ஒரு நீதிமன்றம் எழுதியதைப் படித்தபோது மனம் நிறைந்தது. பிறந்த வீட்டுச் சொத்தையும் மறக்க வேண்டாம். ‘சீர் செஞ்சு அனுப்பியாச்சு’ என்பது சட்டத்தில் பங்குப் பிரிவினை ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை. திரும்பி வந்த மகள் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டியதில்லை.

பிள்ளை விஷயத்தில் அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை என்று பேசத் தொடங்கும்போதே தடம் மாறிவிடுகிறோம். நீதிமன்றம் கேட்கும் ஒரே கேள்வி, இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்பதுதான். ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தாயிடம். அதற்கு மேல் பள்ளி, பாசம், பார்த்துக்கொள்ள ஆள், குழந்தையின் விருப்பம் எல்லாம் பார்ப்பார்கள். ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியே பேசுவதுண்டு. பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் தகப்பன் செலவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காத தகப்பன் என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் கூடாது. ஒன்றுக்கு ஒன்று ஈடில்லை. நீதிமன்ற வளாகத்தில் பார்க்கும் நேரத்துக்காக வந்த ஒரு சிறுவன், முதுகிலிருந்த புத்தகப் பையைக் கழற்றவே இல்லை. தகப்பன் ஊட்டிய முறுக்கைத் தின்றுகொண்டே தூணருகில் நின்ற அம்மாவை நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டு மணி நேரமும் அந்தப் பை முதுகிலேயே இருந்தது.

இனி, மஞ்சள் பையோடு வந்தவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் உண்டு, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். அந்த வழியாகத்தான் அவர் எங்களிடம் வந்தார். கணவர் தரப்பில் முதலில் முறைத்தார்கள். “அதான் எழுதிக் கொடுத்தாச்சே” என்றார்கள். முதல் திருமணம் இருக்கும்போது கட்டிய இரண்டாவது தாலி செல்லாது, அது தண்டனைக்குரிய குற்றமும்கூட என்பதைப் பொறுமையாக விளக்கிய பிறகு இறங்கி வந்தார்கள். அந்த இரண்டாவது பெண்ணின் குழந்தையைச் சட்டம் தண்டிக்காது. பெற்றோர் சொத்தில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற தகுதி இல்லை. முதல் திருமணத்தை முடிக்கும் தீர்ப்பு வந்த பிறகும் அந்த இரண்டாவது தாலி தானாக உயிர் பெறாது, மறுபடி முறைப்படி திருமணம் செய்ய வேண்டும். ஆகக் கணவருக்கும் இந்த மியூச்சுவல் மனு தேவைப்பட்டது.

மூன்றாண்டுப் பிரிவு இருந்ததால் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டோம், கிடைத்தது. ஒப்பந்தத்தில் மகளுக்கு மாதச் செலவும், பள்ளி திறக்கும் ஜூனில் கட்டணமும் தனி வரியாக ஏறின. ‘எதுவும் கோரமாட்டேன்’ என்ற வாக்கியத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வந்த அன்று, ஒன்று போதுமா என்று கேட்டார். மூன்று வாங்கச் சொன்னேன். பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ரேஷன் கார்டில் பெயர் மாற்ற ஒன்று, வீட்டில் வைக்க ஒன்று. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், முத்திரையைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மஞ்சள் பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.